தெளித்த மருந்துத் தண்ணீரையே திரும்பத் தெளிக்கலாமா?

பல்லடம் பக்கத்தில் மணிக்கு 1000 கோழி வெட்டிச் சுத்தம் செய்யும் ஆலை ஒன்று போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இயந்திரம் விற்க வந்தவர், குடல் எடுத்து முடித்த கோழிமேல் கிருமிநாசினி தெளிக்கும் ஸ்ப்ரே கேபினட்டோடு ஒரு மறுசுழற்சி அமைப்பையும் சேர்த்து விலை சொல்லியிருக்கிறார். கீழே விழும் கரைசலைப் பிடித்து, வடிகட்டி, மறுபடி நாசிலுக்கே அனுப்பும். தண்ணீரும் மருந்தும் மிச்சம் என்கிறார். "இது சரியா? அழுக்குத் தண்ணீரைத் திரும்பக் கோழிமேல் அடிப்பது போல இருக்கிறதே?" என்பது உங்கள் கேள்வி.

அறிவியல்படி செய்யக்கூடியதுதான். அமெரிக்காவில் சட்டப்படியே பல வருடங்களாகச் செய்கிறார்கள். ஆனால் உங்கள் அளவுக்கு, உங்கள் இடத்தில் நானாக இருந்தால் அந்த அமைப்பை வாங்க மாட்டேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், கேபினட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கொக்கியில் தொங்கும் கோழி கேபினட்டுக்குள் நுழைந்து வெளியே வரச் சில விநாடிகள் ஆகும். அந்த நேரத்தில் நாலாபக்கமும் இருந்து மருந்துக் கரைசல் அடிக்கிறது. அதில் கோழித்தோலில் ஒட்டுவது கொஞ்சம். மீதி வழிந்தோ, குறி தப்பி எதிர்ச் சுவரில் பட்டோ, இரண்டு கோழிக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் போயோ, கடைசியில் கீழே உள்ள தட்டில் விழுகிறது. இவ்வளவு மருந்து இன்னும் உயிரோடு சாக்கடைக்குப் போகிறதே என்று பார்க்கிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். மறுசுழற்சி என்ற யோசனை பிறந்தது அந்த வயிற்றெரிச்சலில்தான்.

சரி, கீழே விழுவது என்ன? முன்பு நான் தரக்கட்டுப்பாடு பார்த்த ஓர் ஆலையில் காலை ஷிஃப்ட் தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு கண்ணாடி ஜாடியிலும், மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு ஜாடியிலும் மறுசுழற்சி டேங்கிலிருந்து பிடித்து மேசையில் வைப்போம். காலை ஜாடி பன்னீர் சோடா மாதிரி இருக்கும். மதிய ஜாடி அரிசி களைந்த கழுநீரில் துளி ரத்தம் விட்ட நிறம். மேலே விரல் கனத்துக்கு மஞ்சள் கொழுப்பு வளையம், நடுவே தொங்கும் தோல் துணுக்குகள், ஒன்றிரண்டு இறகு நுனி, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. புதிதாக வருகிறவர்களுக்கு நான் எந்த வகுப்பும் எடுத்ததில்லை. இரண்டு ஜாடியையும் காட்டி, "டேங்க் ஒன்றுதான், மருந்து அளவும் ஒன்றுதான்" என்று மட்டும் சொல்வேன்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. தண்ணீரில் தனியாக மிதக்கும் கிருமியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கோழிமேல் மருந்துக்குக் கிடைப்பது சில விநாடிதான்; டேங்கிலும் குழாயிலும் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. மருந்து வீரியத்தோடு இருந்தால், மிதக்கும் சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் அடுத்த சுற்றுக்கு வருவதற்குள் செத்துவிடும். ஆபத்து அந்தத் துணுக்குகளில் இருக்கிறது. கொழுப்பு உருண்டைக்குள்ளும் தோல் மடிப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும் கிருமியை மருந்து தொடுவதே இல்லை. அந்தத் துணுக்கு பம்ப் வழியாக ஏறி, நாசில் வழியாக வந்து, பத்தாவது கோழியிடமிருந்து வாங்கியதை நூறாவது கோழிமேல் ஒட்டிவிட்டுப் போகும். அதனால் மறுசுழற்சியில் முதல் வேலை வடிகட்டுவது, அப்புறம்தான் மருந்து. மருந்தைக் கூட்டிப் போட்டு வடிகட்டியின் வேலையையும் அதன் தலையில் கட்டும் ஆலைகள் எல்லாம் ஒரு நாள் மாட்டிக்கொள்கின்றன.

வடிகட்டுவது என்றால் ஒரு சல்லடை போதாது. முதலில் சுழலும் டிரம் சல்லடை, பெரிய துணுக்குகளுக்கு. பிறகு பை வடிகட்டி, படிப்படியாக நுணுக்கமாக. நடுவே கொழுப்பு மேலே மிதந்து ஒதுங்க ஒரு தொட்டி. கரைசலைக் குளிராக வைத்தால் கொழுப்பு கட்டிதட்டிச் சல்லடையிலேயே நிற்கும்; வெதுவெதுப்பாக விட்டால் நழுவி உள்ளே போய்விடும். நம் ஊர் மே மாதத்தில் இதை நினைவில் வையுங்கள். புற ஊதா விளக்கு போட்டால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால், மதிய ஜாடியைத் தூக்கி அவர் முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். அந்தக் கலங்கலுக்குள் வெளிச்சமே நுழையாது.

இனி மருந்துகள். எல்லா மருந்தும் மறுசுழற்சியை ஒரே மாதிரி தாங்குவதில்லை.

குளோரின்தான் எல்லாருக்கும் தெரிந்தது, மலிவானது. மறுசுழற்சிக்கு மிக மோசமானதும் அதுதான். ரத்தம், சதைச்சாறு, எது கிடைத்தாலும் குளோரின் முதலில் அதோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். கிருமிக்கு மிஞ்சுவது கொஞ்சம். புரதத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து குளோரமீன் ஆகும். ஆலைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் அந்த "குளோரின் வாசம்" பெரும்பாலும் இந்தக் குளோரமீனுடையது. வாசம் தூக்கலாக இருந்தால் மருந்து நிறைய இருக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது மருந்து தீர்ந்துகொண்டிருக்கும் வாசம்.

இன்னொரு சிக்கல் காரத்தன்மை. குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருந்தால்தான் கிருமியை வேகமாகக் கொல்லும். பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்; ஏறினால் காரம்) 6.5 என்றால் ஏறத்தாழ 90 சதவீதம் அந்த வடிவில் இருக்கும். 7.5 என்றால் பாதிக்குப் பாதி. 8.5 என்றால் வெறும் 10 சதவீதம். நாம் ஊற்றும் சோடியம் ஹைப்போகுளோரைட் தானே ஒரு காரம். கோவை, திருப்பூர் பக்கத்துப் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது. மறுசுழற்சி டேங்கில் குளோரின் குறையக் குறைய ஹைப்போவை ஊற்றுகிறோம், ஊற்ற ஊற்ற பி.எச். ஏறுகிறது, ஏற ஏற ஊற்றிய குளோரினே வலுவிழக்கிறது. அதைச் சரிக்கட்ட அமிலம் சேர்க்கும்போது கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது மூடிய கேபினட் அறை என்பதை மறக்க வேண்டாம்.

பீராசெட்டிக் அமிலம் இன்று அமெரிக்கக் கோழி ஆலைகளில் பரவலாக ஓடும் மருந்து. அங்கே இதற்கு 2000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 2000 பங்கு) வரைகூட அனுமதி உண்டு. கோழியை மூழ்கவைத்துக் குளிர்விக்கும் தொட்டியான சில்லரில் இதைவிட மிகக் குறைவாகவே ஓட்டுவார்கள். ரத்தம், கொழுப்பு இருந்தாலும் குளோரினைப் போல உடனே படுத்துவிடாது. கடைசியில் சிதைந்தால் வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலமும் தண்ணீரும் ஆக்சிஜனும்தான். அதனால் மறுசுழற்சிக்கு இது நன்றாகவே ஒத்துவரும். ஆனால் இதிலும் மூன்று கோளாறு உண்டு. ஒன்று, பாட்டிலில் வருவது பீராசெட்டிக் அமிலம் மட்டும் அல்ல. அசெட்டிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கலவை. ரத்தத்தில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அடிபட்ட முழங்காலில் பெராக்சைடு ஊற்றினால் பொங்குமே, அதே வேலையை டேங்கிலும் செய்யும். நுரை தள்ளும், பெராக்சைடு தீரும். இரண்டு, குறைந்ததை ஈடுகட்ட மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் அசெட்டிக் அமிலம் மட்டும் டேங்கில் சேர்ந்துகொண்டே போகும். பி.எச். குறைவாகத்தானே இருக்கிறது, மருந்து இருக்கும் என்று நம்பினால் ஏமாறுவோம். அது மருந்து செத்துப்போய் விட்டுச்சென்ற புளிப்பு. மூன்று, கலவை கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஹெச்.இ.டி.பி. என்ற நிலைநிறுத்தி சிதையாமல் அப்படியே நின்று சேர்ந்துவிடும். அமெரிக்க அனுமதியில் பீராசெட்டிக் அமிலத்துக்கு ஓர் உச்சவரம்பு இருப்பது போல இதற்கும் தனியாக ஓர் உச்சவரம்பு உண்டு. மறுசுழற்சி செய்கிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே அபூர்வம்.

செம்பு, பித்தளை வால்வு எதுவும் இந்த லைனில் இருக்கக் கூடாது; மருந்தைச் சிதைத்துவிடும். தரை கான்கிரீட்டையும் அரிக்கும்.

மூன்றாவது மருந்து உங்களுக்குத் தேவைப்படாது. இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை அதுதான், சொல்லிவிடுகிறேன். செட்டில்பிரிடினியம் குளோரைடு, சுருக்கமாக சி.பி.சி. வாய் கொப்பளிக்கும் திரவத்திலும் தொண்டை மாத்திரையிலும் இருப்பது. இதைக் கோழிமேல் அடிக்கலாம் என்ற யோசனை அமெரிக்காவின் அர்கன்சா மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2004ல் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. அனுமதி தந்தது. நன்றாகக் கொல்லும். ஆனால் விலை அதிகம். சாக்கடைக்குப் போனால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், மீனுக்கும் ஆகாது. அதனால் விதியே இரண்டு வழியாகப் பிரிகிறது. மெல்லிய பனிமூட்டமாக அடித்தால் ஒரு பவுண்டு கோழிக்கு 0.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கோழி குளிக்கிற மாதிரி அடிக்க வேண்டுமானால் ஒரு கோழிக்கு 5 கேலன் வரை, 0.8 சதவீதக் கரைசல் வரை அடிக்கலாம். ஆனால் தெளித்ததில் குறைந்தது 99 சதவீதத்தைத் திரும்பப் பிடிக்கும் அமைப்பு இருக்க வேண்டும்.

ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 கேலன் என்றால் கிட்டத்தட்ட 19 லிட்டர். 0.8 சதவீதத்தில் அதற்குள் 150 கிராம் சி.பி.சி. இருக்கும். அங்கே ஒரு லைனில் நிமிடத்துக்கு 140 கோழி ஓடும். உச்ச அளவில் அடித்து எதையும் பிடிக்காமல் விட்டால் மணிக்கு ஒன்றேகால் டன் மருந்து சாக்கடைக்குப் போகும். 99 சதவீதம் பிடித்தால் கோழிக்கு ஒன்றரை கிராம்தான் கைவிட்டுப் போகிறது. இப்போது பனிமூட்ட விதியைப் பாருங்கள்: 2 கிலோ கோழி 4.4 பவுண்டு, அதற்கு 1.3 கிராம். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. சி.பி.சி.யைத் தாராளமாக அடிக்க வேண்டும் என்றால் திரும்பப் பிடித்தே ஆக வேண்டும். அங்கே அது மிச்சம் பிடிக்கிற ஆசை இல்லை, விதியின் கட்டாயம்.

டிரைசோடியம் பாஸ்பேட்டும் ஒரு காலத்தில் ஓடியது. கழிவுநீரில் பாஸ்பரஸ் ஏறுகிறது என்ற தொல்லையில் மதிப்பிழந்தது. லாக்டிக் அமிலம் மாட்டிறைச்சிக்காரர்கள் சமாச்சாரம்.

விதிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க வேளாண்துறையின் 1999ஆம் ஆண்டு சுகாதார விதியில், பச்சை இறைச்சியைக் குளிர்விக்கவோ அலசவோ பயன்படுத்திய தண்ணீரையும் கரைசலையும் அதே வேலைக்குத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. அதற்குள் சேரும் திடப்பொருள், ரசாயனம், கிருமி மூன்றையும் குறைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். பச்சை இறைச்சியைத் தொட்ட தண்ணீர், அப்படியே சாப்பிடும் பொருளைத் தொடவே கூடாது. சில்லரிலிருந்து எடுத்துக் குளிரூட்டித் திரும்ப அனுப்பும் தண்ணீருக்கு அங்கே "ரெட் வாட்டர்" என்றே பெயர். சில்லருக்குள் வரும் புதுத் தண்ணீரில் குளோரின் 50 பிபிஎம் வரை இருக்கலாம். ரெட் வாட்டர் சில்லருக்குள் திரும்பும் இடத்தில் 5 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அழுக்கு ஏறினால் குளோரினை ஏற்றிச் சமாளிக்கலாம் என்ற வழியை இது அடைத்துவிடுகிறது.

ஐரோப்பா வேறு உலகம். அங்கே கோழிமேல் குடிநீரைத் தவிர எதையும் அடிக்கக் கூடாது. 1997லிருந்து அமெரிக்கக் கோழியோடு அவர்களுக்கு இருக்கும் "குளோரின் கோழி" சண்டை இதனால்தான். ஆனால் அவர்களும் மறுசுழற்சிக்கு எதிரி இல்லை. வெட்டிய விலங்கின் உடல்மேல் அடித்த சுடுநீரைத் தனி மூடிய சுற்றில் திரும்பச் சூடாக்கி அடிக்க 2015ல் ஒரு விதி போட்டு அனுமதித்தார்கள். மருந்தே கிடையாது, வெப்பம்தான் கொல்கிறது. எனக்கு அந்த யோசனை பிடிக்கும். டேங்கில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று தேடித் திரிய வேண்டாம். தெர்மாமீட்டர் பொய் சொல்லாது.

மருந்தைச் சோதிக்கும் முறைகள் பொய் சொல்லும், தாராளமாகவே சொல்லும். நான் சொன்ன அதே ஆலையில் ஒரு பையன், குளோரின் இருந்தால் ரோஜா நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரை போட்டுச் சோதித்துவிட்டு ஓடி வந்தான். "சார், நிறமே வரல, குளோரின் ஜீரோ." சொல்லிக்கொண்டே ஹைப்போ கேனைத் திறக்கப் போனான். நிறுத்தி, அதே மாதிரியைச் சுத்தமான தண்ணீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்த்தால் ரோஜா நிறம் பளீரென்று வந்தது. குளோரின் அளவுக்கு மீறி இருந்ததால் வந்த நிறத்தையே அது வெளுத்துவிட்டிருந்தது. இன்னொரு பக்கம், கடைகளில் கிடைக்கும் சாதாரணக் குளோரின் சோதனைப் பட்டைகள் பல, குளோரமீனையும் சேர்த்து மொத்தக் கணக்குக் காட்டும். பட்டையில் 50, கொல்லும் குளோரின் அதில் அநேகமாக ஒன்றுமில்லை. மறுசுழற்சி டேங்கில் இந்த இரண்டாவது பொய்தான் அடிக்கடி நடக்கும்.

ஆய்வகத்தில் இதைவிட நுட்பமான பொய் ஒன்று உண்டு. கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கோழியை ஒரு பையில் போட்டுத் திரவம் ஊற்றிக் குலுக்கி, அந்தத் திரவத்தை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கோழித்தோலில் ஒட்டிய மருந்தும் அதோடு போகும். வழியில் அந்த மருந்து பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுவிடும். அறிக்கை சுத்தம் என்று வரும், கோழி சுத்தமில்லை. அமெரிக்க இறைச்சிப் பரிசோதனைத் துறை 2016 ஜூலையிலிருந்து மருந்தை முறிக்கும் பொருள் கலந்த திரவத்துக்கு மாறியது. உங்கள் ஆய்வகம் என்ன திரவம் அனுப்புகிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் ஆலைக் கணக்கு. மணிக்கு 1000 கோழி, 8 மணி நேரம், ஒரு கோழிக்கு அரை லிட்டர் தெளிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 4000 லிட்டர். 200 பிபிஎம் பீராசெட்டிக் அமிலம் என்றால் அதற்குள் இருக்கும் மருந்து 800 கிராம். 15 சதவீதக் கேனில் எடுத்தால் ஐந்தரை கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆலையின் மொத்தத் தண்ணீரை ஒரு கோழிக்கு 15 லிட்டர் என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் 1,20,000 லிட்டர் வருகிறது. அதில் தெளிப்பு 3 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்த 3 சதவீதத்தைக் காப்பாற்ற டிரம் சல்லடை, பை வடிகட்டி, குளிரூட்டி, பம்ப், மருந்தை அளந்து ஊற்றும் தானியங்கி டோசிங் எல்லாம் வாங்கி, அதைத் தினம் கழுவவே சில நூறு லிட்டர் செலவழித்து, ஒரு ஆளையும் நிறுத்த வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் டேங்கைக் காலி செய்தே ஆக வேண்டும். ராத்திரி முழுக்க நின்றால் குழாயின் உள்சுவரில் கிருமிப்பாசி படியும், அப்புறம் அதைப் பெயர்ப்பது லேசில்லை. நிமிடத்துக்கு 140 கோழி ஓட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கு கட்டும். உங்களுக்குக் கட்டாது.

அந்தப் பணத்தில் கால்வாசியை இப்படிச் செலவு செய்யுங்கள். கேபினட் வாசலில் ஒரு சென்சார். கோழி எதிரே வந்தால் மட்டும் நாசில் திறக்கட்டும், கொக்கி காலியாக வந்தால் மூடட்டும். இடைவேளையில் லைன் நின்றால் ஸ்ப்ரேயும் தானே நிற்கட்டும். இது மட்டும் ஒழுங்காக நடந்தாலே வீணாவதில் பெரும்பகுதி நிற்கும். கீழே விழுந்ததைத் திரும்ப அதே கோழிக்கு ஏற்றாமல், பின்னோக்கி அனுப்புங்கள்: இறகு அடித்துச் செல்லும் கால்வாய்க்கோ, கோழி ஏற்றி வரும் வாகனக் கூடைகளின் முதல் அலசலுக்கோ. வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள் கடைசி அலசல் தண்ணீரை அடுத்த வேளை முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வார்களே, அதேதான். சுத்தமான முனையிலிருந்து அழுக்கு முனைக்குப் போகும் தண்ணீருக்கு வடிகட்டிகூட அதிகம் தேவையில்லை.

பின்னோக்கி அனுப்பும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பீராசெட்டிக் அமிலம் போகும் கால்வாயும், ராத்திரி சுத்தம் செய்கிறவர்கள் ஊற்றும் குளோரின் கலந்த கார நுரை போகும் கால்வாயும் ஒரே சாக்கடையில் சந்தித்தால் குளோரின் வாயு வரும். இரண்டுக்கும் நடுவே வெறும் தண்ணீர் விட்டுச் சாக்கடையைக் கழுவும் பத்து நிமிடத்தை ஷிஃப்ட் அட்டவணையிலேயே எழுதி வையுங்கள். பகலிலும் கேபினட்டுக்கு மேலே காற்று உறிஞ்சும் குழாய் கட்டாயம். பீராசெட்டிக் ஆவிக்கு 15 நிமிடச் சராசரியாக 0.4 பிபிஎம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வரம்பு மிகச் சின்னது. அங்கே நிற்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலை செய்தால், வரம்பு தாண்டியிருக்கிறதோ என்று சந்தேகப்பட மீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மருந்து எது, எத்தனை பிபிஎம் என்பதை இயந்திரம் விற்பவரின் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களிடம் கோழி வாங்கப் போகிறவரும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிமம் தரும் அதிகாரியும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு கேபினட்டுக்கு ஆர்டர் கொடுங்கள். மறுசுழற்சி அமைப்பைக் கழித்துவிட்டு விலை கேளுங்கள். "அது இல்லாமல் தர முடியாது" என்றால், ஓடிக்கொண்டிருக்கும் வேறு ஆலையில் அவருடைய டேங்கிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஜாடி பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.